மாதாவுக்குக் கொடுத்த ஓட்டம்

ஜெசிந்தா ஓடினால் அல்சூர் ஏரியில் அலை எழும்பும். மைதானத்துப் புழுதி கிளம்பி ஓசூர் வரைக்கும் போய், அங்கே பஸ் பிடித்துத் திரும்பி வரும். எதிர் அணியின் கோல்கீப்பர் பெண் அவள் வருவதைப் பார்த்ததும், எதற்கு வம்பு என்று பந்துக்கு வழிவிட்டு, வலையையும் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவாள்.

இதையெல்லாம் ஜோகுபாளையத்தில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை. சொல்வது மங்களம் என்றால் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுக் கேட்பதுதான் எங்கள் தெரு வழக்கம். டெலிபோன் ஃபேக்டரியில் வாழ்நாள் முழுக்க வயர் முறுக்கி ஓய்வு பெற்றவள் நான். அந்த வயர்களில் அத்தனை வருஷமும் அடுத்தவர்கள் பேசினார்கள். இப்போது என் முறை.

கழிப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும். அவள் ஓடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்தான்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள் ஆரோக்கியமேரி, அவள் கணவர் யேசுதாஸ், ஒரே மகள் ஜெசிந்தா. கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கம் மூடிய பிறகு ரயிலில் பெங்களூருக்கு வந்து வந்து போய், ஒரு நாள் போகாமலே இங்கே தங்கிவிட்ட குடும்பம். யேசுதாஸ் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஷட்டில் வேன் ஓட்டுகிறார். காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு கிளம்புவார். டிராஃபிக்கைத் தாண்டி வீடு திரும்பும்போது தாடி நெஞ்சைத் தொடும். ஆரோக்கியமேரிக்கு கார்மெண்ட்ஸில் வேலை. காலர் தைப்பாள். நூல் பிசகினாலும் பொறுக்காத கை.

ஜெசி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே மாடிப்படியில் நடந்து இறங்கியதில்லை. மூன்று படிக்கு ஒரு தாவல். என் வீட்டு உத்தரத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து குழம்பில் விழும். "ஏய் ஜெசி, என் சாம்பாருக்கு இன்னைக்கு நீதான் தேங்காய் போட்ட" என்று கத்துவேன். "நல்லா இருந்துச்சா ஆன்ட்டி?" என்று தெருமுனையிலிருந்து பதில் வரும். அதற்குள் அங்கே போயிருப்பாள்.

பன்னிரண்டு வயதில் அவள் ஓயாமல் தண்ணீர் குடித்தாள். கார்ப்பரேஷன் குழாயே அவளைப் பார்த்தால் ஓடி ஒளிந்தது. ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு எழுந்தாள், இளைத்தாள். வளர்கிற பிள்ளை, விளையாடுகிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். ஒரு சாயங்காலம் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவள் மைதானத்தின் நடுவில் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நினைவே இல்லை. மூச்சில் அழுகின பழ வாசனை.

சர்க்கரை. எனக்கும் இருக்கிறது, ஆனால் என்னுடையது வேறு ரகம், மைசூர்பாகு தின்று நானே வளர்த்தது. அவளுடையது எங்கிருந்தோ வந்தது. இன்சுலின் சுரப்பதை அவள் உடம்பு நிறுத்திவிட்டதாம். இனிப்பாலும் வரவில்லை, ஓடியதாலும் வரவில்லை, யார் தப்பும் இல்லை, இனி ஆயுளுக்கும் ஊசி என்றார் டாக்டரம்மா.

ஆனால் டாக்டரம்மா அதைச் சொன்னது பிள்ளை கண் திறந்த பிறகு. அதற்கு முன்பு ஐசியூ வாசலில் ஆரோக்கியமேரி தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் வேறொரு பேச்சு முடிந்துவிட்டிருந்தது. அது அவளுக்கும் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதாவுக்கும் நடுவில்.

சிவாஜிநகர் மாதாவுக்கு என்னென்னவோ கொடுப்பார்கள். முடி கொடுப்பார்கள், தொட்டில் கொடுப்பார்கள், வெள்ளித் தகட்டில் கை, கால், கண் செய்து வைப்பார்கள். ஆரோக்கியமேரிக்கு அந்த நேரத்தில் தன்னிடம் இருப்பதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை எங்கே விழுந்தது? மைதானத்தில். எது பிள்ளைக்கு உயிர்? ஓட்டம். "மாதாவே, என் புள்ளய எனக்குக் குடு. அவ ஓட்டத்த உனக்குக் குடுத்துடறேன். இனிமே அவ மைதானத்துல கால் வெக்க மாட்டா" என்று நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் விடியலில் ஜெசி கண்ணைத் திறந்து, "மம்மி, மேட்ச் இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியமேரி முதல் வேலையாக ஜெசியின் பந்தாட்ட பூட்ஸைக் கழுவி, மஞ்சள் துணியில் சுற்றி, மாதா கோயில் வாசலில் ஒரு ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெசி அழவில்லை. அப்போது அவளுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. விளையாடியதே வேறு யாருக்கோ நடந்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

தெம்பு வந்ததுதான் தொல்லை.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். நானும் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன். "தாராளமா விளையாடலாம். விளையாடணும். ஓடினா இன்சுலின் நல்லா வேலை செய்யும், மனசும் நல்லா இருக்கும். முன்னாடி சுகர் பாத்துக்கோ, ஏதாவது சாப்பிடு, பாக்கெட்ல குளுக்கோஸ் வெச்சுக்கோ. விளையாடி முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுக்கூட இறங்கும், அத மறக்காத. கூட இருக்கறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அவ்ளோதான்."

"சரி மேடம்" என்று ஆரோக்கியமேரி தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, "அவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்கக்கா. ஆனா நான் வாக்கு குடுத்தது அவங்களுக்கில்லயே" என்றாள்.

நான் விடுகிற ஆளா? பங்குச் சாமியாரைக் காபிக்கு அழைத்தேன். இந்து வீட்டில் பாதிரியாருக்குக் காபி. தெருவே எட்டிப் பார்த்தது. ஃபில்டர் காபியின் மணத்தில் அவர் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் மறந்து கொஞ்ச நேரம் லத்தீனில் பேசினார் என்று பிறகு நான் பரப்பினேன். மனிதர் நல்லவர். ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டு வைத்து, "அம்மா, நேர்ச்சைய மாத்திக்கலாம். அதுக்கு வழி இருக்கு. ஓட்டத்துக்குப் பதிலா ஒரு நவநாள் ஜெபம், ஒரு தர்மம்..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "ஃபாதர், நான் புள்ளய முழுசா கேட்டேன். முழுசா குடுத்தாங்க. இப்ப நான் குடுத்தத மட்டும் கொறச்சுக்கறேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போய் நிக்கறது?"

பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் காபி டவராவைப் பார்த்தேன். யேசுதாஸிடம் பேசிப் பார்த்தேன். "நான் அந்த வாசல்ல உக்காரலக்கா. வேன் ஓட்டிக்கினு மாரத்தஹள்ளி சிக்னல்ல நின்னுனு இருந்தேன். அவ உக்காந்தா. நான் எப்டி பேசறது?" என்றுவிட்டார்.

ஆக, நேர் வழி மூன்றும் அடைத்துக்கொண்டன. எனக்குக் குஷியாகிவிட்டது. குறுக்கு வழி என்றால் எனக்கு இருபது வயது குறைந்துவிடும்.

"ஆரோக்கியமேரி, எனக்கும் சுகர். டாக்டர் தினம் நடக்கச் சொல்லி உயிரை வாங்கறாரு. ஏரிப் பக்கம் தனியா போனா எவனாவது என்னைத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றேன்.

"உங்களத் தூக்க கிரேன் வரணும்க்கா."

"அதான், கிரேன் வந்தா கத்தறதுக்கு ஒரு ஆள் வேணும். சாயங்காலம் ஜெசிய என்கூட அனுப்பு. நடக்கறதுதானே. மாதாகிட்ட நடக்க மாட்டான்னு சொல்லலயே?"

அவள் யோசித்தாள். காலர் தைக்கும்போது ஊசிக்குக் கீழே துணியைச் சரிபார்ப்பதுபோல அந்தப் பேச்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "நடக்கறதுன்னா நடக்கறதுதான். மைதானத்துப் பக்கம் போகக்கூடாது."

"ஐயோ, அந்தப் புழுதியில எவ போவா!"

மறுநாளே போனோம்.

மைதானத்தில் பெண்களுக்குப் பந்தாட்டம் சொல்லித்தருபவன் ஓஸ்வால்ட். அவன் விசில் ஊதினால் கப்பன் பார்க்கில் கிளிகள் வரிசையில் நிற்கும். ஜெசியின் சங்கதி எல்லாம் அவனுக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னதை அவளே அவனிடம் ஒப்பித்தாள். அவளுக்கு நான் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, என் வீட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் ஓட, நான் ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் ஒரு பக்கம் குளுக்கோஸ் டப்பா, வாழைப்பழம், மறுபக்கம் நிப்பட்டு மசாலா, மிளகாய் பஜ்ஜி என்று கடை பரப்பிக்கொண்டு உட்காருவேன். முதல் பக்கம் அவளுக்கு. மறுபக்கம் எனக்கு.

அவள் முதலில் விரலைக் குத்தி மீட்டரில் பார்ப்பாள். பழத்தைத் தின்பாள். நடுவில் ஒரு தரம் வந்து குத்திப் பார்ப்பாள். நிப்பட்டையும் ஒரு கண் பார்ப்பாள்.

"ஆன்ட்டி, வாய்க்கு மட்டும்தான் வாக்கிங்கா?"

"ஏய், நான் மென்னு மென்னு எத்தன மைல் போயிருக்கேன்னு உனக்கென்ன தெரியும்? போ, போய் ஓடு."

அவள் ஓடினாள். வலது ஓரத்தில் கோட்டை ஒட்டி, பந்து காலில் கட்டிவிட்டதுபோல ஒட்டிக்கொள்ள, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து ஓடுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஊசியும் இல்லை, மீட்டரும் இல்லை, அம்மாவும் இல்லை, நானும் இல்லை. பஜ்ஜி கையிலேயே ஆறிப்போகும். என் கையில் பஜ்ஜி ஆறியது என்பதை மட்டும் நீங்கள் கழிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் முகம் கழுவி, முட்டிப் புழுதியைத் துடைத்து, நல்ல பிள்ளையாக என்னோடு நடந்து வருவாள்.

இதில்தான் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. மாதங்கள் போகப் போக ஜெசியின் சர்க்கரை எண்கள் அழகாக இறங்கின. மூன்று மாத சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் டாக்டரம்மாவே புருவத்தை உயர்த்தி, இன்சுலின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். அதே மாதத்தில் என்னுடையதையும் பார்த்தார்கள். நிப்பட்டு, பஜ்ஜி, சிமெண்ட் பெஞ்சு. என் சர்க்கரை மைசூர் அரண்மனை மாடிக்கு ஏறிக் கொடி நட்டுவிட்டிருந்தது.

ஆரோக்கியமேரி இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கண் நிரம்பியது.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான நடக்கறீங்க? அதே ரோடு, அதே நடை?"

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"உங்களுக்கு ஏறினே போகுது. என் புள்ளக்கி எறங்குது. அப்ப இது நடையில்லக்கா. இது மாதா."

என் வாழ்க்கையில் பேச்சு வராமல் போன இடங்களை ஒரு கை விரலில் எண்ணலாம், விரல்கள் மிஞ்சும். ஜெசி என் பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் என் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றைக்கு அது எங்களுக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை. மாடியில் ஆரோக்கியமேரி மெழுகுவத்தி ஏற்ற, கீழே நாங்கள் இருவரும் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம்.

அந்த மெழுகுவத்திதான் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. கார்மெண்ட்ஸில் கூட வேலை செய்யும் பெண்களுக்கு அவள் சொன்னாள். தங்கவயலில் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னாள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவளைத்தான் தேடி வந்தார்கள். "ஒண்ணு குடுங்க. நெஜமா வலிக்கறத குடுங்க. கேட்டத குடுப்பாங்க" என்பாள். குனிந்தே நடந்த பெண் நிமிர்ந்து நடந்தாள். ஐசியூ வாசலில் விட்டுவந்த தூக்கம் அவளுக்குத் திரும்பியது.

ஜெசிக்குப் பதினைந்து வயதான ஆகஸ்டில் ஓஸ்வால்ட் வந்து சொன்னான். மாநில அணிக்குப் பெண்களைத் தேர்வு செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே வருகிறார்கள். "மங்களம் ஆன்ட்டி, இவள எடுக்கலேன்னா நான் விசில முழுங்கிடறேன்."

"பேர் பேப்பர்ல வருமா சார்?" என்று ஜெசி கேட்டாள்.

"போட்டோவே வரும்."

அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தில் அன்றைக்கு ஜோகுபாளையம் முழுக்கத் தெருவிளக்கே ஏற்றவில்லை. திரும்பி வரும்போதுதான் சொன்னாள்: "மம்மிகிட்ட சொல்லிடலாம் ஆன்ட்டி. செலக்‌ஷனுக்கு முன்னாடியே. பேப்பர் பாத்து தெரிய வேணாம். நானே சொல்றேன். நம்பர்லாம் ஓடினதாலதான்னு தெரிஞ்சா அவங்களே விட்ருவாங்கல்ல?"

"விட்ருவா, விட்ருவா. பேண்டு வாத்தியம் வெச்சு அனுப்புவா" என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எண்கள் நம் பக்கம் இருக்கும்போது என்ன பயம்?

செப்டம்பர் எட்டு மாதா பிறந்தநாள். அதற்கு முன்னால் கொடியேற்றி ஒன்பது நாள் ஜெபம், அதுதான் நவநாள். தேர்வு நடக்கும் ஞாயிறு அந்த நவநாளுக்குள்தான் வந்தது. சனிக்கிழமை காலை ஓஸ்வால்ட் பிள்ளைகளைப் பிழிந்தெடுத்தான். சாயங்காலம் ஆரோக்கியமேரி எங்கள் இருவரையும் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சிவாஜிநகர் முழுக்க மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்களின் காவிச் சேலை. பிரிட்ஜ் மேலிருந்து பார்த்தால் யாரோ ஆரஞ்சு வண்டியைக் கவிழ்த்துவிட்டது போல. வரிசை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மார்க்கெட்டைச் சுற்றி, என் பொறுமையையும் சுற்றி வந்தது. பையில் இருந்த பிஸ்கட் எல்லாம் தீர்ந்திருந்தது. வரிசை நகரவே இல்லை.

ஜெசி என் தோளில் சாய்ந்தாள். அவள் நெற்றி ஜில்லென்று ஈரமாக இருந்தது. கை நடுங்கியது.

"ஜெசி?"

"நான் வலது பக்கம் வரேன் சார்" என்றாள். கண் எங்கேயோ இருந்தது.

ஆரோக்கியமேரிதான் முதலில் அசைந்தாள். கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு பிள்ளையை ஓரத்துப் படியில் உட்கார்த்தினாள், விரலைக் குத்தினாள், எண்ணைப் பார்த்தாள், குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அந்தக் கை ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் விசிறினேன். கொஞ்ச நேரத்தில் ஜெசியின் உதட்டுக்கு நிறம் வந்தது.

அப்போதுதான் ஆரோக்கியமேரி கேட்டாள். "ஊசி அளவு சரியாத்தான் போட்டேன். மதியம் என் கண்ணு முன்னாடிதான் சாப்ட்டா. ஒண்ணும் பண்ணல. ஏன் எறங்குச்சு?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கணக்கில் வராத ஒன்றைத் தேடும் குரல்.

"ஓடினேன் மம்மி" என்றாள் ஜெசி.

"இன்னா?"

"காலைல ஓடினேன். தினம் ஓடறேன். ரொம்ப நாளா. நாளைக்கு செலக்‌ஷன் மம்மி. அதனாலதான் சுகர் நல்லா வந்துச்சு. டாக்டர் சொன்னாங்கல்ல? ஓடினதாலதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அறைவாள் என்றுகூட நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். பத்துப் பதில், ஒன்றைவிட ஒன்று நீளம்.

அவள் கோபப்படவே இல்லை. ஜெபமாலை சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலே தெரிந்த கோபுரத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏதோ இறங்கிப் போவது தெரிந்தது. கடைசியில், அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐசியூ வாசலில் பார்த்த அதே முகம் மிஞ்சியது. அதே வயது, அதே வாய்.

"அப்ப..." என்றாள். "அப்ப மாதா எனக்கு ஒண்ணுமே பண்ணலியா? அன்னிக்கி நான் சும்னே ஒக்காந்துனு இருந்தேனா?"

சுற்றிலும் 'மரியே வாழ்க' என்று பாடிக்கொண்டு போனார்கள். ஜெசி அம்மாவையே பார்த்தாள். பதினைந்து வயதுப் பெண் தன் அம்மா இடிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிள்ளை இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான் சொல்ல முடியும். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல, "மம்மி, நான் இன்னா சொன்னேன் இப்ப?" என்றாள்.

ஆரோக்கியமேரி திரும்பினாள்.

"ஓடினேன்னு சொன்ன."

"ஓடினேனா? எங்க?" சிரித்தாள். "சுகர் எறங்குனா உளறுவேன்ல மம்மி. போன வாட்டி உங்கள டீச்சர்னு கூப்ட்டேனே. கனா மாதிரி வந்துச்சு. மைதானம், விசில் எல்லாம். நான் எங்க ஓடறேன்? ஆன்ட்டிகூட நடக்கத்தான போறேன்."

"செலக்‌ஷன்னு சொன்னியே."

"அதுவும் கனாதான். டிவில பாத்தது."

ஆரோக்கியமேரி அவளை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல், என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. ஓடினாளா?"

படியில் ஊன்றியிருந்த என் கைமேல் ஜெசியின் கை வந்தது. குளுக்கோஸ் பிசுபிசுப்பு. அழுத்தினாள். குத்திக் குத்தித் தடித்த விரல்.

நான் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்! அசோகச் சக்கரவர்த்தி மரம் நட்டபோது குழி தோண்டியது நான்தான் என்பதுவரை சொல்லியிருக்கிறேன். பொய் என்றால் எனக்கு ஜரிகை வேண்டும், குஞ்சலம் வேண்டும், ஊர்வலம் வேண்டும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"ஓடல" என்றேன். "நடந்தோம்."

ஆரோக்கியமேரி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று கிளம்பி வந்தது.

"கொசு கடிச்சாக்கூட கொக்கு கொத்துச்சும்பீங்க. நீங்களே இவ்ளோ சின்னதா சொன்னா அது நெஜந்தான்க்கா" என்று சொல்லி, ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். முகம் திரும்ப வந்துவிட்டது.

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்ததும் நான் ஜெசியின் காதைப் பிடித்தேன். "என்னடி பண்ணின? நாளைக்கு செலக்‌ஷன். ஓஸ்வால்ட்கிட்ட நான் என்ன சொல்றது? போனா போச்சு, உங்கம்மா கொஞ்ச நாள் அழுவா, அப்புறம் தானா சரியாயிடுவா."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "மறுபடியும் நான் ஐசியூல படுத்தா, அவங்க யார்கிட்ட போவாங்க ஆன்ட்டி?"

"ஏன் படுக்கற? படுக்க மாட்ட."

"படுத்தா?"

காதை விட்டேன்.

"ரகசியமா ஓடிக்கலாம்டி. இதுவரைக்கும் ஓடலயா?"

"இல்ல ஆன்ட்டி. இதுவரைக்கும் அவங்க கேக்கல. இப்ப கேட்டுட்டாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "அத நெஜமாக்கிட்டா பொய் சொன்ன மாதிரி ஆவாதுல்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓஸ்வால்ட் போன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் எடுத்து, ஜெசிக்குக் கால் சுளுக்கு என்றேன். எப்படிச் சுளுக்கியது என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் ஒரு யானையையாவது அதில் சேர்த்திருப்பேன். "சுளுக்கு, அவ்ளோதான்" என்று வைத்துவிட்டேன். மாடியில் ஆரோக்கியமேரி பிள்ளைக்கு ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். மாவில் எவ்வளவு, தேங்காய்ப்பாலில் எவ்வளவு, ஊசியில் எவ்வளவு என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டது கீழே கேட்டது.

அந்த வாரமே எண்கள் ஏற ஆரம்பித்தன. "நவநாள் அலைச்சல்க்கா, நேரத்துக்கு சாப்பாடு இல்ல, அதான்" என்றாள் ஆரோக்கியமேரி. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து ஊசி அளவைக் கூட்டிக்கொண்டாள். நன்றிக்காகத் தேரோடு வெறுங்காலில் நடப்பதாக இன்னொன்றும் நேர்ந்துகொண்டாள், தனக்கு மட்டும். பிள்ளை வெறுங்காலில் நடக்கக்கூடாது, சர்க்கரைப் பிள்ளைக்குக் காலில் புண் வந்தால் ஆறாது என்று அவளுக்குத் தெரியும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அடிப்பாகத்தை மடக்கிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, ஜெசிக்கு ஒரு வெள்ளை ஷூ வாங்கி வந்தாள். ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. லேசு. இறகு மாதிரி.

"நல்லாருக்கா கண்ணு?"

"சூப்பரா இருக்கு மம்மி" என்றாள் ஜெசி. போட்டுக்கொண்டு அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து காட்டினாள்.

எட்டாம் தேதி தேர் கிளம்பியது. ஆரோக்கியமேரி வெறுங்காலில், ஜெசி வெள்ளை ஷூவில், இரண்டு பேரும் காவிச் சேலையில். நான் பின்னால். தேர் திரும்புகிற முனையில் பெங்களூர் மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையை நான் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. வானம் அப்படியே கையை விட்டது. ஜனம் சிதறி ஓடியது. பலூன்காரன் ஓடினான், போலீஸ்காரர் ஓடினார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள், கைத்தடி கிழவர் ஒருவர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். நான் ஓடினேன். கிரேன் வைத்துத் தூக்க வேண்டிய நான் ஓடிப்போய் ஒரு மெடிக்கல் ஷாப் ஷட்டருக்குக் கீழே ஒண்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

தேர் முனை திரும்பிப் போய்விட்டிருந்தது, தெரு காலியாகியிருந்தது. நடுவில் இரண்டு பேர் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி தன் முந்தானையை விரித்து மகள் தலைமேல் பிடித்திருந்தாள். அது அவள் தலையையும் காக்கவில்லை, இவள் தலையையும் காக்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மெதுவா கண்ணு. ஓடாத" என்றாள்.

ஜெசியின் உடம்பு ஒரு கணம் முன்னால் சாய்ந்தது. தலை லேசாக இடப்பக்கம் போனது. அதை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்து வந்தாள். வெள்ளை ஷூ தண்ணீரில் முழுகி முழுகி எழுந்தது.

"ஆன்ட்டி," என்று என்னைப் பார்த்துக் கத்தினாள், "நீங்களா ஓடினீங்க? நாளைக்கு ஊரெல்லாம் சொல்லணும்!"

நான் சொல்லவில்லை.